அன்றாடம் படியளக்கும் அன்பு

(டிசம்பர் 26, புனித ஸ்தேவான் விழா. முதல் வாசகம்: திருத்தூதர் பணிகள் 6:8-10, 7:54-59. நற்செய்தி: மத்தேயு 10:17-22)



நேற்று குடிலின் முன் மண்டியிட்டோம். இன்று கல்லெறி பட்டு ஒருவர் சாவதை வாசித்தோம். ஸ்தேவான் முதல் மறைச்சாட்சி. அவர் எப்படிச் செத்தார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பலர் யோசிப்பீர்கள்.

இன்றைய முதல் வாசகம் ஆறாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் தொடங்குகிறது. வீட்டுக்குப் போனதும் அதற்கு முன்னுள்ள ஏழு வசனங்களையும் எடுத்து வாசியுங்கள். எருசலேம் திருச்சபையில் அங்கே ஒரு சோற்றுச் சண்டை நடக்கிறது. நாள்தோறும் உணவு பங்கிடுகிறார்கள். கிரேக்கம் பேசும் குடும்பங்களின் கைம்பெண்கள் அதில் விடுபட்டுப் போகிறார்கள். முணுமுணுப்பு எழுகிறது. பன்னிருவரும் சபையைக் கூட்டி, பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயர் ஸ்தேவான். ஆக, மறைச்சாட்சி ஆவதற்கு முன் அவர் பந்தி பார்த்தவர். யாருக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்று தேடுவதுதான் சபை அவருக்குக் கொடுத்த வேலை.

இவரையே ஐரோப்பாவின் பல நாடுகள் குதிரைகளின் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றன. போலந்து நாட்டில் இன்று ஓட்ஸ் தானியத்தைக் கோவிலுக்குக் கொண்டு வந்து மந்திரிப்பார்கள். பூசை முடிந்ததும் அதை ஒருவர் மேல் ஒருவர் இறைப்பதும் உண்டு, குருவானவரும் தப்புவதில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சில ஊர்களில் குதிரைகளையே அழைத்து வந்து ஆசீர் பெறுவார்கள். சுவீடனின் பழைய கதைப்பாடல் ஒன்று ஸ்தேவானை ஏரோதின் லாயக்காரராகவே ஆக்கிவிட்டது. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது விண்மீனைக் கண்டவராம் அவர்! இது வரலாறு அல்ல, பக்தர்களின் கற்பனை. ஆனாலும் எனக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது. பனிக்காலம் நடுவில் நிற்கிறது, வசந்தம் தொலைவில் இருக்கிறது, வாயில்லாப் பிராணிக்கு நாள்தோறும் படியளந்தாக வேண்டும். அந்தக் கவலையோடு வந்த மக்கள், கைம்பெண்களுக்குப் படியளந்தவரிடம் முறையிட்டார்கள்.

ஆகவே இன்று உங்களைக் கோவிலிலிருந்து ஒரு குதிரை லாயத்துக்கு அழைத்துப் போகிறேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டிசம்பர் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்று நிற்கிறது. அது தரோபிரெட் இனம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்துக்கு வந்த பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று ஆண் குதிரைகளிலிருந்து தந்தைவழி இறங்கிய இனம் அது. 1791 முதல் அச்சிட்ட ஏட்டில் அதன் வம்சாவளி எழுதப்பட்டு வருகிறது. ஓடுவதற்கென்றே வளர்த்தெடுத்த உடம்பு: மெல்லிய தோல், குட்டை ரோமம், கொழுப்பு குறைவு, படபடப்பு அதிகம். ஓடிய நாளில் லாயத்தில் கூரை இருந்தது, தானியம் இருந்தது, பக்கத்திலேயே ஆள் இருந்தார். ஓட்டம் நின்றதும் மேய்ச்சல் நிலத்துக்கு வந்துவிட்டது. அதன் முதல் பனிக்காலம்தான் ஆபத்தானது. சரியாகக் கவனிக்காவிட்டால் வசந்தம் வருவதற்குள் எலும்பும் தோலுமாகிவிடும்.

அதைக் காப்பாற்றுவது எப்படி? லாயக்காரர்களின் முதல் விதி, முதலில் புல். காய்ந்த புல்தான் அடிப்படை. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 10 கிலோ உலர்புல் வேண்டும். குளிர் கடுமையானால் 12 கிலோவுக்கு மேலும் போகும். காரணம் இதுதான்: குதிரையின் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை மெல்ல மெல்லப் புளிக்கவைத்து உடைக்கின்றன. அந்த வேலையில் வெப்பம் பிறக்கிறது. உமியைப் போட்டு மூடிய தணல் இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்குமே, அப்படி உள்ளிருந்தே சூடு வந்துகொண்டிருக்கும். தானியத்தால் அந்த அளவுக்கு நின்று சூடு தர முடியாது.

புல் மட்டும் போதாத குதிரைக்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. புரதம் மிகுந்த குதிரைமசால் புல், ஊறவைத்த சர்க்கரைக்கிழங்குச் சக்கை, அரிசித் தவிடு, கொஞ்சம் தாவர எண்ணெய். எதையுமே சிறிது சிறிதாக, பல வேளையாகப் பிரித்துத்தான் தர வேண்டும். புதிய தீனிக்கு மாற்ற வேண்டுமானால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மாற்ற வேண்டும்.

இங்கேதான் நல்ல மனம் படைத்தவர்கள் தவறு செய்கிறார்கள். ஒருநாள் இரவு பனி கொட்டுகிறது. குதிரை நடுங்குவதைப் பார்த்து மனம் கேட்கவில்லை. வாளி நிறையத் தானியத்தைக் கொட்டிவிடுகிறார்கள். குதிரையின் உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குள் பாய்ந்து அங்கே அமிலமாகிறது. அந்த நுண்ணுயிர்கள் செத்து மடிகின்றன. குடல்வலி வருகிறது. குளம்புக்குள் அழற்சி கண்டு நிற்கவும் முடியாமல் போகிறது. சில குதிரைகள் இறந்தும் போகின்றன. பசியால் வராத சாவு ஒருநாள் இரக்கத்தால் வந்துவிடுகிறது.

சகோதர சகோதரிகளே, நேற்று நம் ஊர் முதியோர் இல்லத்துக்கு எத்தனை பிரியாணிப் பொட்டலங்கள் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு குழு கேக் கொண்டு போயிருக்கும், இன்னொரு குழு போர்வை கொடுத்துப் படம் எடுத்திருக்கும். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பொங்கல் கழிந்த பிறகு, விழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வாசலில் யார் நிற்பார்கள்? எருசலேமில் கைம்பெண்களுக்கு விருந்து கிடைக்கவில்லை என்று யாரும் முறையிடவில்லை. அன்றாடம் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்றே முறையிட்டார்கள். பாலைநிலத்தில் கடவுள் மன்னாவைப் பொழிந்தபோதும் அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் சேகரிக்கச் சொன்னார். மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்துப் போனது. ஆண்டவர் கற்றுத்தந்த செபத்திலும் நாம் கேட்பது இன்றைய உணவைத்தான். ஆண்டுக்கொரு முறை பொங்கி வழிகிற இரக்கம் நம் மனச்சாட்சிக்கு நிறைவைத் தரலாம். நாள்தோறும் அளந்து போடுகிற படிதான் உயிரைக் காக்கும்.

லாயக்காரர்களின் இரண்டாவது விதி, கையால் தொட்டுப் பார்ப்பது. பனிக்காலம் வந்தால் குதிரைக்கு ரோமம் அடர்ந்து வளரும். அதன் மேல் கம்பளியும் போர்த்திவிடுவார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் குதிரை கொழுகொழுவென்று தெரியும். உள்ளே விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். மார்ச் மாதம் கம்பளியை எடுத்த பிறகுதான் பலர் திடுக்கிட்டுப் போகிறார்கள். இங்கே கைகொடுக்கும் ஒரு முறையை 1983-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னகி என்ற ஆய்வாளர் வகுத்தார். கழுத்து, முதுகின் மேட்டுப்பகுதி, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலின் அடி என ஆறு இடங்களைப் பார்த்தும் தொட்டும் 1 முதல் 9 வரை மதிப்பெண் இட வேண்டும். 1 என்றால் வெறும் எலும்புக்கூடு, 9 என்றால் அளவுக்கு மிஞ்சிய கொழுப்பு. 5 வந்தால் நலம்: விலா கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படும். இன்றைக்குப் பல நாடுகளில் குதிரை வளர்ப்போர் இந்த முறையைப் பின்பற்றுகிறார்கள். நல்ல லாயக்காரர் வாரம் ஒருமுறையாவது கம்பளியை விலக்கி, ரோமத்துக்குள் விரல்களை நுழைத்து விலாவைத் தடவிப் பார்ப்பார். கண் ஏமாறும், கை ஏமாறாது.

ஞாயிறு பூசைக்கு நாமும் நல்ல உடுப்பைத்தான் உடுத்தி வருகிறோம். கோவில் வாசலில் “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டால், “ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கோம் ஃபாதர்” என்பீர்கள். அந்தப் பட்டுச்சேலைக்குள் வட்டிக்கடன் இருக்கலாம். அந்த இஸ்திரி போட்ட சட்டைக்குள் மூன்று மாதமாக வேலை இல்லாத தகப்பன் இருக்கலாம். மானத்துக்கு அஞ்சி யாரும் வாய் திறப்பதில்லை. வாசலில் நின்று நலம் விசாரித்தால் தெரியாது. வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும், பேச வேண்டும், அடுத்த வாரமும் போக வேண்டும். உயிர்த்த ஆண்டவர் தம் விலாவைத் தோமாவின் கைக்கு முன்னால் திறந்து காட்டினார். தம் காயத்தைத் தொட ஒருவரை அழைக்க அவர் வெட்கப்படவில்லை. அவருடைய உடலான நாம் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்க்கத் தயங்குகிறோம்.

மூன்றாவது, மந்தை. குதிரைகளுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. மேய்ச்சல் நிலத்தில் ஐந்து குதிரைகள் நின்றால், அதட்டி உருட்டுகிற குதிரை ஒன்று இருக்கும். அது காதைப் பின்னால் மடித்துப் பார்த்தாலே, அடங்கிப்போகிற குதிரை புல்லை விட்டு விலகிவிடும். ஐந்துக்கும் போதிய புல்லைத்தான் கொட்டியிருக்கிறோம். கணக்கில் குறையே இல்லை. ஆனாலும் ஒன்று மட்டும் இளைத்துக்கொண்டே போகும். அனுபவப்பட்டவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஐந்து குதிரைகளுக்கு ஆறு குவியல். அதுவும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. விரட்டப்பட்ட குதிரைக்குப் போய் நிற்க இன்னோர் இடம் எப்போதும் இருக்கும்.

எருசலேமிலும் இதுதான் நடந்தது. உணவு பற்றாக்குறை என்று லூக்கா எழுதவில்லை. வேறு மொழி பேசியவர்களின் கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள் என்றுதான் எழுதுகிறார். அதற்குச் சபை கண்ட தீர்வு வியக்கத்தக்கது. தேர்ந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களை நோக்கி “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லவில்லை. அகப்பையையே அவர்கள் பக்கத்து ஆள்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

நம் பங்குகளைப் பாருங்கள். ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த பழங்குடிக் கத்தோலிக்கர்கள் நம் நகரங்களின் கோவில்களில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். தமிழ்ப் பூசையில் ஒரு வார்த்தை புரியாமல் நின்றுவிட்டு, நற்கருணை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? நம் மண்ணிலேயே சாதி பார்த்து இருக்கை போட்ட கோவில்களும், சாதி பார்த்துச் சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்களும் இருந்தன. சுவர் இடிந்த இடத்திலும் பழக்கம் முழுதாக இடியவில்லை. எல்லாருக்கும் போதிய அளவு கொட்டியாயிற்று என்று சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. யார் விலகி நிற்கிறார்கள், யாரைப் பார்த்து விலகினார்கள் என்று கேட்க வேண்டும். பங்குப் பேரவையில், விழாக் குழுவில், நிதிக் குழுவில் அவர்கள் கையிலும் அகப்பை இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. புல் இருந்தும் குதிரை இளைக்கலாம். வயதான குதிரையின் பற்கள் சமமில்லாமல் தேய்ந்து, ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். அது புல்லை வாயில் போட்டு, மெல்ல முடியாமல் உருண்டையாகத் துப்பிவிடும். அப்போது தேவை கூடுதல் புல் அல்ல, பல்லை அராவிச் சரிசெய்ய ஓர் ஆள். உறைபனியில் தொட்டித் தண்ணீர் கட்டியாகிவிடும். உறையாவிட்டாலும் சில்லென்ற தண்ணீரைக் குதிரை குறைவாகவே குடிக்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்த புல் குடலில் அடைத்துக்கொள்ளும். ஆகவே காலையும் மாலையும் போய்ப் பனிக்கட்டியை உடைக்க வேண்டும், முடிந்தால் சற்று வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாயிற்று என்பதோடு வேலை முடிவதில்லை. உள்ளே போயிற்றா என்று பார்க்க வேண்டும்.

பழங்காலத்தில் இதே ஸ்தேவான் விழாவன்று இங்கிலாந்திலும் வேறு சில நாடுகளிலும் குதிரையைக் கீறி இரத்தத்தை வடிப்பார்கள். அப்படிச் செய்தால் ஆண்டு முழுவதும் நோய் அண்டாது என்று நம்பினார்கள். பக்தியில் குறைவில்லை. ஆனால் பனிக்கால நடுவில் ஒரு விலங்கின் இரத்தத்தை வடித்துவிட்டு அதற்கு நன்மை செய்தோம் என்று நினைத்தார்கள். வீட்டில் வயதான தாயைப் பார்த்துக்கொள்கிற நம்மில் சிலரும் இப்படித்தான். மாத்திரை வாங்கி வைத்துவிடுகிறோம், அதை அவர் விழுங்கினாரா என்று பார்ப்பதில்லை. செலவுக்குப் பணம் அனுப்பிவிடுகிறோம், அவரோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடுவதில்லை.

உங்களில் சிலர் மனதுக்குள் கேட்பீர்கள்: “மனிதர்கள் பசித்துக் கிடக்கும் உலகத்தில் பந்தயக் குதிரையைப் பற்றி என்ன பிரசங்கம்?” நியாயமான கேள்வி. முதல் அரசர்கள் நூல் பதினெட்டாம் அதிகாரத்தில் இந்தக் கேள்வி இருக்கிறது. நாட்டில் கொடும் பஞ்சம். ஆகாபு அரசன் தன் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சாகாமல் இருக்கப் புல் தேடிப் புறப்படுகிறான். அரண்மனை மேற்பார்வையாளர் ஒபதியாவை இன்னொரு திசைக்கு அனுப்புகிறான். குடிமக்களின் பசியைப் பற்றி அரசன் அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அந்த ஒபதியா யார்? அரசி ஈசபேல் இறைவாக்கினர்களைக் கொன்று குவித்தபோது நூறு பேரை ஐம்பது ஐம்பதாகக் குகைகளில் ஒளித்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காத்தவர். குதிரைக்குப் புல் தேடிய அதே கைதான் மனிதருக்கும் அப்பம் கொடுத்தது. விலங்கைப் பேணுவது தவறே அல்ல. நேர்மையுள்ளவன் தன் கால்நடையின் உயிரைப் பற்றிக் கவலைப்படுவான் என்று நீதிமொழிகள் நூலே கற்பிக்கிறது. ஆகாபின் குற்றம் குதிரைக்குப் புல் தேடியதில் இல்லை, அத்தோடு தேடலை நிறுத்திக்கொண்டதில் இருக்கிறது.

ஒபதியாவைப் போல் இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் வால்கில் என்ற இடத்தில் ஒரு சிறைச்சாலை. ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரைகளைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று 1984 முதல் அங்கே சிறைவாசிகளின் கையில் குதிரைகளை ஒப்படைத்து வருகிறது. தீனி அளக்கவும், குளம்பு பார்க்கவும், காயத்துக்கு மருந்திடவும் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். ஓட முடியாததால் பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட குதிரை அது. குற்றம் செய்ததால் உதவாதவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர் இவர். நியூயார்க்கின் கடுங்குளிரில் எழுந்து போய்ப் படியளக்கும்போது அந்த மனிதரை நம்பி ஓர் உயிர் காத்திருக்கிறது. பேணப்படுவதால் குதிரை மீள்கிறது, பேணுவதால் மனிதர் மீள்கிறார். சிறையில் இருப்போரைத் தேடிப் போகச் சொன்ன ஆண்டவர் இந்த ஏற்பாட்டைக் கண்டு மகிழ்வார் என்று நம்புகிறேன்.

இனி, கல்லெறியப்பட்ட ஸ்தேவானிடம் திரும்புவோம். சாகும் வேளையில் தம்மைக் கொல்பவர்களை மன்னிக்கும்படி அவர் மன்றாடினார். அந்த மனம் அன்று ஒரே நாளில் வந்ததாக நான் நினைக்கவில்லை. முணுமுணுப்பவர்கள் நடுவில் நாள்தோறும் நின்று பரிமாறியவர் அவர். குறை சொன்னவருக்கும் நன்றி சொல்லாதவருக்கும் ஒரே அளவு அளந்தவர். கொடுத்துக் கொடுத்துப் பழகிய கைதான் கடைசியில் மன்னிப்பையும் கொடுத்தது. இறுதிவரை நிலைத்திருப்போர் மீட்கப்படுவர் என்கிறது இன்றைய நற்செய்தி. நமக்குக் கல்லடி வராமல் போகலாம். ஆனால் நீண்ட பனிக்காலம் எல்லாருக்கும் வரும்: படுக்கையில் கிடக்கும் மாமியார், தேறாத பிள்ளை, மறதி நோய் கண்ட கணவர். விடியும்போதெல்லாம் அதே வேலை, பாராட்ட ஆள் இல்லை. நிலைத்திருப்பது என்றால் நம்மில் பலருக்கு அதுதான்.

ஆகவே புத்தாண்டுக்கு மூன்று வேலைகளைச் சொல்கிறேன். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் தனியாக வாழும் முதியோர், கைம்பெண்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரின் பட்டியலை ஜனவரி முடிவதற்குள் எடுக்கட்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் கிறிஸ்துமஸுக்கு ஒதுக்கிய தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்து வைக்கட்டும். நீங்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதும். ஆனால் அடுத்த டிசம்பர் வரை விடாதீர்கள்.

இதோ, இப்போது ஆண்டவர் தம்மையே அப்பமாக நமக்கு அளக்கப் போகிறார். நேற்றும் அளந்தார், நாளையும் அளப்பார். கைநீட்டி வாங்கும் நாம் வெளியே போனதும் கைநீட்டிக் கொடுப்போம். புனித ஸ்தேவானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.